பழைய வானொலித் தட்டுகள்: எது அசல், எது நகல்?

பழைய வானொலிப் பதிவுகளைக் கேட்கும் எவருக்கும் ஒரு சந்தேகம் வந்தே தீரும். 1930-களிலும் 1940-களிலும் பேசியவர்கள் எல்லாரும் ஏன் இப்படி மெலிந்த குரலில், கீச்சென்று, மூச்சுவிடாமல் பேசினார்கள்? தலைவர்கள், அறிவிப்பாளர்கள், களத்திலிருந்து வர்ணனை செய்தவர்கள் எல்லாருக்கும் ஒரே மாதிரிக் குரல். எண்பது, தொண்ணூறு ஆண்டுகளில் மனிதனின் தொண்டை மாறிவிடவில்லை. அப்படியானால் மாறியது எது?

இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. அக்காலத்து ஒலிவாங்கிகளும், ஒரு நிலையத்திலிருந்து இன்னொன்றுக்கு நிகழ்ச்சியைக் கொண்டுசென்ற தொலைபேசிக் கம்பிகளும் குரலின் அடிப்பகுதியையும் உச்சிப்பகுதியையும் நறுக்கிவிட்டு நடுப்பகுதியை மட்டுமே கடத்தின. கனத்த குரலும் அந்த வழியாக வந்தால் மெலிந்துவிடும். இரண்டாவது காரணம் வேகம். தட்டு எந்த வேகத்தில் சுழலும்போது பதிவு வெட்டப்பட்டதோ அதே வேகத்தில் சுழலவிட்டால்தான் பேசியவரின் குரல் திரும்பக் கிடைக்கும். கூடினால் குரல் ஏறும், குறைந்தால் இறங்கும்.

கர்நாடக இசைத்தட்டு சேகரிப்பவர்களுக்கு இது தெரிந்த தலைவலிதான். சுழல்வேகம் 6 விழுக்காடு கூடினால் சுருதி ஏறத்தாழ அரைக் கட்டை ஏறிவிடும். 78 சுற்றுத் தட்டு என்று பொதுவாகச் சொல்கிறோமே தவிர, தொடக்ககாலத் தட்டுகள் நிமிடத்துக்கு எழுபது சுற்றிலிருந்து எண்பதுக்கு மேல்வரை பல வேகங்களில் வெட்டப்பட்டவை. ஒரு பாடகி உண்மையிலேயே ஐந்து கட்டையில் பாடினாரா, தட்டு அவரை அங்கே ஏற்றிவிட்டதா என்ற வாதம் ரசிகர்களிடையே இன்றும் ஓயவில்லை.

வரலாற்று ஒலிபரப்புகளில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. இந்தப் பதிவு உண்மையிலேயே அந்த நாளில் காற்றில் போனதா? பேசியவர் இவர்தானா? நாம் கேட்பது முதல் தட்டா, நகலின் நகலா? இவற்றுக்குக் காதை மட்டும் நம்பி விடை சொல்ல முடியாது. பதிவு ஏறியிருக்கும் பொருளைப் பார்த்துத்தான் பல உண்மைகளைச் சொல்ல முடியும். அதனால்தான், "கணினியில் ஏற்றியாயிற்று, இனி தட்டு எதற்கு?" என்று யாராவது கேட்டால் எனக்குப் பதறுகிறது.

மிகப் புகழ்பெற்ற ஒரு தட்டிலிருந்தே தொடங்கலாம். 1937 மே 6 மாலை, அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் உள்ள லேக்ஹர்ஸ்ட் தளத்தில் ஹிண்டன்பர்க் என்ற ஜெர்மானிய வான்கப்பல் தரையிறங்க வந்தது. ஹைட்ரஜன் நிரப்பிய கப்பல். இறங்கும் தறுவாயில் தீப்பிடித்து, ஒரு நிமிடத்துக்குள் எரிந்து தரையில் விழுந்தது. 36 பேர் இறந்தார்கள். சிகாகோவின் டபிள்யூ.எல்.எஸ். நிலையத்தைச் சேர்ந்த ஹெர்பர்ட் மாரிசன் அங்கே நின்று வர்ணித்துக்கொண்டிருந்தார். சாதாரணமாகப் பேசிக்கொண்டிருந்தவரின் குரல் திடீரென்று உடைந்து, அழுகையும் அலறலுமாக மாறுவதை உலகம் முழுவதும் கேட்டிருக்கிறார்கள்.

இதை நேரடி ஒலிபரப்பு என்றே பலரும் நினைக்கிறார்கள். அது தவறு. மாரிசனும் பொறியாளர் சார்லஸ் நேல்சனும் பிரஸ்டோ நிறுவனத்தின் தூக்கிச் செல்லக்கூடிய பதிவுக் கருவியோடு போயிருந்தார்கள். பேசப் பேசத் தட்டுகளில் ஒலி வெட்டப்பட்டது. அந்தத் தட்டுகள் சிகாகோவுக்குப் போய்ச் சேர்ந்த பிறகு, மறுநாள்தான் மக்கள் அதைக் கேட்டார்கள். பதிவுசெய்த ஒலியை ஒலிபரப்புவதில்லை என்று அப்போது கறாராக இருந்த என்.பி.சி. வலையமைப்பும் இதற்காக விதியைத் தளர்த்தியது.

பழைய ஒலிப்பதிவுகளை வாழ்நாள் முழுவதும் ஆராய்ந்த பேராசிரியர் மைக்கேல் பீல், அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ள அந்த மூலத் தட்டுகளை நெருங்கிப் பார்த்துப் படம் எடுத்திருக்கிறார். தட்டில் ஒலி ஏறியிருப்பது சுருள்சுருளாக ஓடும் ஒரு நுண்ணிய பள்ளத்தில். அதை வரித்தடம் என்று சொல்லலாம். கப்பல் தீப்பிடித்ததாக மாரிசன் கத்தும் இடத்துக்குச் சற்றுப் பின்னால், சீராக ஓடிக்கொண்டிருந்த வரித்தடத்தில் சில ஆழமான குத்துகள். பிறகு தடமே இல்லை. அடுத்த இரண்டு சுற்றுக்கு மட்டும் மங்கலான, ஆழமற்ற ஒரு கீற்று. அதன்பின் பழையபடி தடம்.

என்ன நடந்தது என்று தட்டே எழுதி வைத்திருக்கிறது. வெடிப்பின் அதிர்வலை கருவியை வந்து தாக்கியபோது வெட்டும் ஊசி துள்ளித் தட்டைக் குத்தியது. பிறகு தட்டை விட்டே எகிறியது. நேல்சன் பதறாமல் அதை மெல்லத் திரும்ப இறக்கினார். அந்த மங்கலான கீற்று அவர் கையின் நிதானம். ஊசி மேற்பூச்சைத் துளைத்து அடியிலுள்ள அலுமினியம்வரை போயிருந்தால் முனை மழுங்கி, மீதிப் பதிவே கிடைத்திருக்காது. கேட்கும் ஒலியில் இது ஓர் இடறலாக மட்டுமே தெரியும். அந்த இடறல் பிற்பாடு விழுந்த கீறல் அல்ல, அந்தக் கணத்தில் நிகழ்ந்ததுதான் என்று சொல்ல மூலத் தட்டு வேண்டும். வெறும் ஒலிக்கோப்பை வைத்துக்கொண்டு இதைச் சொல்லவே முடியாது.

இன்னொன்றையும் பீல் சுட்டிக்காட்டினார். அந்தக் கருவி சற்று மெதுவாகச் சுழன்றிருந்தது. மெதுவாக வெட்டியதைச் சரியான வேகத்தில் ஓட்டினால் ஒலி விரைந்து வரும். மாரிசனின் இயல்பான குரல் கனத்தது. நாம் கேட்டுப் பழகிய அந்தக் கீச்சுக்குரலில் ஒரு பங்கு அவருடைய துயரம், இன்னொரு பங்கு கருவியின் பிழை.

இரண்டையும் பிரித்துப் பார்க்கக் குரலின் அமைப்பே வழி தருகிறது. நம் குரலுக்கு இரண்டு உறுப்புகள் சேர்ந்து உருவம் கொடுக்கின்றன. தொண்டையில் உள்ள குரல்நாண்கள் அதிர்ந்து சுருதியைத் தருகின்றன. தொண்டையும் வாயும் மூக்கும் சேர்ந்த குழி அந்த அதிர்வில் சில பகுதிகளைத் தூக்கி, சிலவற்றை அமுக்கி, இன்னார் குரல் என்று அடையாளம் காட்டும் சாயலைத் தருகிறது. ஒருவர் பதறிக் கத்தும்போது குரல்நாண்கள் இறுகிச் சுருதி எகிறும். ஆனால் தொண்டைக் குழியின் நீளம் அதே விகிதத்தில் சுருங்கிவிடாது. தட்டை வேகமாகச் சுழற்றினாலோ சுருதியும் சாயலும் ஒரே விகிதத்தில் ஏறும். ஆளே சின்ன உருவமாகிவிட்டதுபோல் கேட்கும். எனவே அதே மனிதர் வேறு நாளில் பேசிய, வேகம் உறுதியான ஒரு பதிவோடு ஒப்பிட்டு, சாயல் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று பார்த்தால் தட்டின் பிழையைத் தனியே கணக்கிடலாம்.

ஒப்பிட வேறு பதிவே இல்லையென்றால்? அதற்கும் ஒரு வழி இருக்கிறது, அதுவும் நாம் தொல்லை என்று ஒதுக்கும் ஒன்றிலிருந்து. பழைய பதிவுகளின் அடியில் "ம்ம்ம்" என்று ஓர் ஒலி ஓடிக்கொண்டே இருக்கும். மின்முனகல் என்று அதற்குப் பெயர் வைப்போம். வீட்டுக்கு வரும் மாறுமின்சாரம் இங்கிலாந்திலும் இந்தியாவிலும் நொடிக்கு 50 தடவையும், அமெரிக்காவின் பெரும்பகுதியில் 60 தடவையும் முன்னும் பின்னுமாகப் போய்வருகிறது. ஒலிபெருக்கி, ஒலிவாங்கிக் கம்பி, தட்டு வெட்டும் கருவி என எங்காவது அது கசிந்து பதிவில் ஒட்டிக்கொள்ளும். 50, 60 என்ற அடி அதிர்வு மட்டுமல்ல, அதன் இருமடங்கும் மும்மடங்கும்கூடக் கேட்கும். அடிப்பகுதி நறுக்கப்பட்ட பதிவிலும் 100, 120 ஹெர்ட்ஸ் அளவில் அது மிஞ்சியிருக்கும்.

கீழடி அகழாய்வுப் படங்களைப் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு பானையோட்டின் பக்கத்திலும் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட ஓர் அளவுகோலை வைத்துப் படம் எடுத்திருப்பார்கள். படத்தைப் பெரிதாக்கினாலும் சிறிதாக்கினாலும் அளவுகோலும் கூடவே மாறுவதால் பானையோட்டின் நிஜ அளவைப் பிடித்துவிடலாம். மின்முனகல் ஒலிக்குள் வைக்கப்பட்ட அளவுகோல். அமெரிக்கப் பதிவு ஒன்றில் 60-ல் இருக்கவேண்டிய முனகல் 62-ல் இருந்தால், தட்டு மூன்று விழுக்காட்டுக்குச் சற்று மேல் விரைவாக ஓடுகிறது. வேகத்தைக் குறைத்து முனகலை 60-க்குக் கொண்டுவந்தால் பேசியவரின் குரலும் தன் இடத்துக்கு வந்துவிடும்.

இந்த அளவுகோலைக் கண்ணைமூடி நம்பவும் கூடாது. மின்கலத்தில் ஓடிய கருவியில் முனகல் இருக்காது. தெற்குக் கலிபோர்னியாவின் சில பகுதிகளில் 1940-கள் வரை 50 ஹெர்ட்ஸ் மின்சாரம்தான். அமெரிக்கா என்றாலே 60 என்று அங்கே கணக்குப் போட்டால் குரலை ஒன்றரைக் கட்டைக்கு மேல் தூக்கிவிடுவோம். பதிவு எந்த ஊரில் ஆனது என்பது முதலில் தெரிந்திருக்க வேண்டும்.

அளவுகோலைத் தவறாகப் படித்தால் என்ன ஆகும் என்பதற்கு வானொலிக்கு வெளியே ஒரு சான்று உண்டு. எடிசனுக்கு முன்பே, 1860-ல், பிரான்சின் எடுவார் ஸ்காட் என்பவர் புகைக்கரி பூசிய தாளில் ஒலி அலையைக் கோடாக வரைந்தார். திரும்பக் கேட்பது அவர் நோக்கமல்ல, கண்ணால் பார்ப்பதுதான். 2008-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் அந்தக் கோட்டைக் கணினியால் படித்து ஒலியாக்கியபோது, ஒரு பெண்ணோ சிறுமியோ நாட்டுப்பாடல் பாடுவதுபோல் கேட்டது. செய்தித்தாள்களும் அப்படியே எழுதின. ஸ்காட் தன் குரல்கோட்டின் அருகிலேயே ஓர் இசைக்கவையின் அதிர்வையும் வரைந்து வைத்திருந்தார். அந்தக் கவையின் அதிர்வெண்ணை ஆய்வாளர்கள் இருமடங்காக எடுத்துக்கொண்டிருந்தார்கள். மறுவருடம் அதைக் கண்டுபிடித்து வேகத்தைப் பாதியாக்கினார்கள். பாடியது ஓர் ஆண், பெரும்பாலும் ஸ்காட்டேதான், அதுவும் நிறுத்தி நிதானமாக.

இனி ஒரு தட்டைக் கையில் எடுத்துப் பார்ப்போம். காந்த நாடா அமெரிக்க வானொலியில் பரவியது 1940-களின் கடைசியில்தான். அதற்கு முன்பு நிலையங்கள் பெரும்பாலும் லேக்கர் தட்டுகளில் பதிந்தன. 1934 வாக்கில் பிரான்சிலும் அமெரிக்காவிலும் சந்தைக்கு வந்தவை இவை. அலுமினியத் தகட்டின்மேல் கறுத்த, பளபளக்கும் பூச்சு. பூச்சு செல்லுலோஸ் நைட்ரேட். அது நெகிழ்வாக இருப்பதற்காகச் சேர்த்தது நம் ஊர் ஆமணக்கு எண்ணெய். வெட்டும் ஊசி அந்தப் பூச்சை இழையாகச் சீவியெடுத்தபடி தடம் போடும். வெட்டி முடித்த உடனேயே ஓட்டிக் கேட்கலாம், அச்சு எடுத்து ஆலையில் வார்க்க வேண்டியதில்லை. இதனால் நிலையத்தில் வெட்டிய தட்டு பல சமயம் உலகத்திலேயே ஒன்றுதான்.

கடையில் விற்ற வார்ப்புத் தட்டையும் இதையும் எப்படிப் பிரித்தறிவது? நடு ஓட்டையைப் பாருங்கள். வார்ப்புத் தட்டில் ஓர் ஓட்டைதான். லேக்கர் தட்டில் அதன் அருகே இன்னும் ஒன்றோ மூன்றோ ஓட்டைகள் இருக்கும், சில சமயம் லேபிளுக்கு அடியில் மறைந்து. வெட்டும் ஊசியின் இழுப்பில் தட்டு வழுக்கிவிடாமல் பிடிக்கும் முளைகளுக்காகப் போட்டவை அவை. பழைய சாமான் கடையில் அந்த இரண்டாவது ஓட்டையைக் கண்டால் சேகரிப்பாளரின் கை நடுங்கும். அடுத்தது அடித்தகடு. காந்தம் ஒட்டினால் இரும்பு. வீட்டுப் பயன்பாட்டுக்கான மலிவான தட்டாக இருக்கலாம். ஒட்டவில்லையென்றால் பெரும்பாலும் அலுமினியமோ கண்ணாடியோ. இரண்டாம் உலகப் போரில் அலுமினியம் விமானங்களுக்குப் போய்விட்டதால் அமெரிக்காவில் கண்ணாடியின்மேல் பூசினார்கள். எனவே கண்ணாடி அடித்தகடு பெரும்பாலும் போர்க்காலத்தைக் காட்டும்.

நிலையத் தட்டுகள் 16 அங்குல விட்டத்தில், நிமிடத்துக்கு 33⅓ சுற்றில் ஓடுபவை; ஒரு பக்கம் கால் மணி நேரம். அரை மணி நிகழ்ச்சிக்கு இரண்டு பக்கம் வேண்டும். தட்டு ஒரே வேகத்தில் சுழன்றாலும், வெளிவிளிம்பில் ஊசியடியில் நொடிக்கு 70 சென்டிமீட்டர் அளவுக்குத் தடம் ஓடும். உட்பக்கம் வரும்போது அது பாதியாகிவிடும். அதே ஒலியைப் பாதி இடத்தில் நெருக்கி எழுத வேண்டியிருப்பதால் உச்சஒலிகள் மங்கும். ஆகவே பழைய நிகழ்ச்சி ஒன்றின் ஒலி மெல்ல மெல்ல மங்கி, கால் மணி முடிவில் சட்டென்று தெளிந்தால், அது தட்டிலிருந்து வந்தது என்று அறியலாம். இந்தத் திடீர் மாற்றம் காதில் உறுத்தாமலிருக்கச் சில நிலையங்கள் முதல் பக்கத்தை வெளியிலிருந்து உள்ளேயும், அடுத்ததை உள்ளிருந்து வெளியேயும் வெட்டின. அந்தத் தட்டில் முள்ளை வழக்கம்போல் விளிம்பில் வைத்தால் அது வெளியே வழுக்கி விழும்.

வேறு சில தட்டுகளில் முள் நன்றாகவே உட்காரும், ஆனால் கரகரப்பும் தெளிவற்ற முணுமுணுப்பும்தான் கேட்கும். வீணாய்ப்போன தட்டு என்று பலர் தூக்கிப் போட்டிருக்கிறார்கள். பூதக்கண்ணாடியில் பார்த்தால் உண்மை தெரியும். வழக்கமான தடம் இடமும் வலமுமாக நெளியும். இவற்றில் தடம் நேராகவே போய், ஆழம் மட்டும் கூடிக் குறையும். ஒலியை மேடும் பள்ளமுமாக எழுதும் முறை இது. அமெரிக்காவில் நிலையங்களுக்கென்று தயாரித்த தட்டுகள் பலவற்றில் இதைக் கையாண்டார்கள். ஸ்டீரியோ முள்ளின் இணைப்பை மாற்றிப் போட்டால் அதே தட்டு தெளிவாகப் பேசும்.

அசலா நகலா என்ற கேள்விக்கு எனக்குத் தெரிந்து மிக நம்பகமான சோதனை கீறல். ஒரு தட்டில் "டிக்" என்று ஓர் ஒலி கேட்கிறது. அதே இடத்தில் கண்ணுக்குத் தெரியும் கீறல் தடங்களைக் குறுக்கே வெட்டிப் போயிருந்தால், அது இந்தத் தட்டுக்குப் பட்ட காயம். கீறலே இல்லை, தடத்துக்குள்ளேயே சிறு நெளிவாக அந்த "டிக்" எழுதப்பட்டிருக்கிறது என்றால், அது முந்தைய தட்டுக்குப் பட்ட காயம். நாம் கையில் வைத்திருப்பது நகல். இதே கதைதான் முனகலிலும். ஒவ்வொரு முறை நகலெடுக்கும்போதும் அந்தக் கருவி தன் முனகலையும் சேர்க்கும். அசலின் முனகல், நகலெடுத்த கருவியின் வேகப்பிழையால் கொஞ்சம் நகர்ந்து, புதிய முனகலின் பக்கத்தில் நிற்கும். ஒலியின் அதிர்வெண்களைக் கோடுகளாகக் காட்டும் அலைமாலைப் படத்தில் 60-ல் ஒரு கோடும் 61-க்குப் பக்கத்தில் ஒரு கோடும் இணையாக ஓடினால், குறைந்தது இரண்டு தலைமுறை என்று எண்ணலாம்.

நகல் என்று தெரிந்தால் போதுமா, எந்த நாளின் ஒலி என்று தெரிய வேண்டாமா? இங்கேதான் புகழ்பெற்றவர்களின் பதிவுகள் அதிகம் ஏமாற்றுகின்றன. 1940 ஜூன் 18 அன்று பிரெஞ்சு ஜெனரல் சார்ல் தெ கோல் லண்டனில் பி.பி.சி. ஒலிவாங்கியின் முன் அமர்ந்து, ஜெர்மனியிடம் பணியாமல் போரைத் தொடருமாறு தன் நாட்டவரை அழைத்தார். பிரான்சு ஆண்டுதோறும் கொண்டாடும் நாள் அது. ஆனால் அந்த உரை பதியப்படவில்லை. அந்த அழைப்பு என்று பலரும் கேட்டிருப்பது நான்கு நாள் கழித்து, ஜூன் 22 அன்று அவர் பேசியது. குரல் அவருடையதுதான், நிலையமும் அதேதான், கருத்தும் ஏறக்குறைய அதேதான். காட்டிக்கொடுப்பது உள்ளடக்கம். போர்நிறுத்தத்துக்கு எதிரி விதித்த நிபந்தனைகள் பிரெஞ்சு அரசுக்குத் தெரிந்துவிட்டன என்று அந்தப் பதிவில் அவர் சொல்கிறார். ஜூன் 18-ல் அந்த நிபந்தனைகள் யாருக்கும் தெரியாது. ஒப்பந்தம் கையெழுத்தானது 22-ல்தான். 2005-ல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பட்டியலில் இந்த அழைப்பு சேர்க்கப்பட்டபோதும் இடம்பெற்ற ஒலிப்பதிவு ஜூன் 22-க்கு உரியது.

சர்ச்சில் கதையும் ஏறக்குறைய இதுவே. கடற்கரைகளில் போரிடுவோம் என்று அவர் முழங்கிய உரை 1940 ஜூன் 4 அன்று பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் நிகழ்த்தப்பட்டது. அவையில் அப்போது ஒலிபரப்பு வசதி இல்லை. அங்கிருந்து முறையான வானொலி ஒலிபரப்பு தொடங்கியதே 1978-ல்தான். அன்று இரவு பி.பி.சி.யில் செய்தி வாசிப்பவர் உரையின் பகுதிகளைப் படித்தார். நாம் கேட்கும் சர்ச்சிலின் குரல் 1949-ல் அவர் தன் சார்ட்வெல் இல்லத்தில் திரும்பப் படித்துப் பதிந்தது. கவனித்துக் கேட்டால், நிறைந்த அவையின் முணுமுணுப்போ ஆதரவுக் குரல்களோ மண்டபத்தின் எதிரொலியோ அதில் இல்லை. ஆனாலும் 1940-லேயே அதை வானொலியில் கேட்டதாக நினைவு சொன்னவர்கள் ஏராளம். அவர்கள் பொய் சொல்லவில்லை. பிற்காலத்தில் திரும்பத் திரும்பக் கேட்ட ஒலி அந்த நாளின் நினைவோடு ஒட்டிக்கொண்டது.

நார்மன் ஷெல்லி என்ற நடிகர்தான் சர்ச்சிலுக்குப் பதில் வானொலியில் பேசினார் என்றும் ஒரு பேச்சு நெடுங்காலம் உலவியது. பின்னாளில் ஒரு தட்டு கிடைத்தது: சர்ச்சில் உரை, பேசியவர் நார்மன் ஷெல்லி, 1942 செப்டம்பர் 7 என்று லேபிளில் எழுதியிருந்தது. மர்மம் துலங்கிவிட்டதாகச் சிலர் எழுதினார்கள். அந்த லேபிள் சொல்வதெல்லாம் ஷெல்லி ஒரு சர்ச்சில் உரையை 1942-ல் பதிந்தார் என்பதைத்தான். அது சர்ச்சிலின் குரல் என்று சொல்லி 1940-ல் காற்றில் விடப்பட்டதா என்பதற்கு அந்தத் தட்டில் ஆதாரம் எதுவும் இல்லை. லேபிள் என்ன சொல்கிறது, என்ன சொல்லவில்லை என்று பிரித்துப் படிப்பதுதான் இந்த வேலையில் பாதி.

லேபிளில் ஒரு தேதி இருந்தாலும் அது பதிந்த நாளா, ஒலிபரப்பிய நாளா என்று கேட்டாக வேண்டும். ஜப்பானியப் பேரரசர் ஹிரோஹிட்டோ சரணடைவை அறிவித்த உரை 1945 ஆகஸ்ட் 15 நண்பகல் வானொலியில் வந்தது. அவர் அதைப் பேசியது முந்தைய நாள் இரவு, அரண்மனை வளாகத்தில், இரண்டு தடவை. சரணடைவை எதிர்த்த இளம் அதிகாரிகள் அந்தத் தட்டுகளைப் பறிக்க இரவெல்லாம் அரண்மனையில் தேடியும் கிடைக்கவில்லை. மூலத் தட்டின் ஒலியை அரண்மனை நிர்வாகம் 2015-ல்தான் வெளியிட்டது. அதுவரை உலகம் கேட்டது நகல்களை.

நிலையங்கள் தாமே விட்டுச்சென்ற காலமுத்திரைகளும் உண்டு. பி.பி.சி.யில் மணி நேரத்தை அறிவிக்கும் ஆறு "பிப்" ஒலிகள் 1924 பிப்ரவரி 5 முதல் வருகின்றன. தொடக்கத்தில் ஆறும் ஒரே நீளம், நொடியில் பத்தில் ஒரு பங்கு. 1971 முடிந்து 1972 பிறந்தபோதுதான் ஆறாவது "பிப்" அரை நொடியாக நீட்டப்பட்டது. போர்க்காலச் செய்தி என்று சொல்லப்படும் ஒரு பதிவில் கடைசி "பிப்" நீண்டு ஒலித்தால், அந்தப் பகுதியைப் பிற்காலத்தில் யாரோ ஒட்டியிருக்கிறார்கள். "பிப்" ஒலியின் அதிர்வெண் 1,000 ஹெர்ட்ஸ் என்பதால் வேகத்தைச் சரிபார்க்கவும் அதுவே உதவும். என்.பி.சி.யின் மூன்று சுர மணியொலியும் அப்படித்தான். நம் நாட்டில் ஆல் இந்தியா ரேடியோ என்ற பெயரே 1936 ஜூன் 8-ல் வந்தது. சென்னை நிலையம் 1938 ஜூன் 16-ல். அறிவிப்பாளர் அந்தப் பெயரைச் சொன்னால் பதிவின் வயதுக்கு ஓர் எல்லை கிடைத்துவிடுகிறது.

இப்படி ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பெரும் புதையலும் இருக்கிறது. வாஷிங்டனின் டபிள்யூ.ஜே.எஸ்.வி. நிலையம் 1939 செப்டம்பர் 21 அன்று காலை தொடங்கி நள்ளிரவு தாண்டி நிலையம் மூடும்வரை ஒலிபரப்பிய அனைத்தையும் தட்டில் பதிந்து தேசிய ஆவணக் காப்பகத்துக்குக் கொடுத்தது. நடுநிலைச் சட்டம் குறித்து ரூஸ்வெல்ட் அமெரிக்க நாடாளுமன்றத்தில் ஆற்றிய உரை அன்றுதான். அதை விடவும் எனக்கு அருமையாகப் படுவது இடையிடையே வரும் சோப்பு விளம்பரங்களும் நேர அறிவிப்புகளும் தொடர் நாடகங்களும்தான். ஒரு நிகழ்ச்சி முடிந்து அடுத்தது தொடங்க எத்தனை நொடி எடுத்தது, நிலையத்தின் பெயரை எப்போது சொன்னார்கள் என்பதையெல்லாம் வைத்து, அந்தக் காலத்துப் பதிவு என்று சொல்லப்படும் பிறவற்றைச் சோதிக்க முடிகிறது.

தட்டுகளுக்கு ஆயுள் குறைவு. பூச்சில் கலந்த ஆமணக்கு எண்ணெய் காலப்போக்கில் சிதைந்து, மேலே மெழுகுபோன்ற வெள்ளைப் படிவாகக் கசியும். எண்ணெய் போகப் போகப் பூச்சு சுருங்கும். அடியில் உள்ள அலுமினியமோ கண்ணாடியோ சுருங்காது. ஒரு கட்டத்தில் பூச்சு வெடித்துச் செதில் செதிலாக உரியும். உரிந்த தட்டில் முள் வைக்க முடியாது. இதற்கும் ஒரு வழி பிறந்திருக்கிறது. துகள் இயற்பியல் ஆய்வில் நுண்படங்களை அளந்து பழகிய கார்ல் ஹேபர் என்ற அறிவியலாளர், அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில், தட்டைத் தொடாமலேயே தடத்தைப் படமெடுத்துக் கணினியால் ஒலியாக்கும் முறையை உருவாக்கினார். விரிசல் விட்ட தட்டின் துண்டுகளைக்கூடப் படத்தில் பொருத்திக் கேட்க முடிகிறது. முள்ளால் ஒரு முறை ஓட்டி, கணினியில் ஏற்றிவிட்டுத் தட்டை எறிந்திருந்தால் இந்த இரண்டாவது வாய்ப்பே இருந்திருக்காது.

உங்கள் பரணிலோ தாத்தாவின் பெட்டியிலோ இரண்டு ஓட்டை உள்ள தட்டு கிடைத்தால், பழைய கிராமபோனின் எஃகு முள்ளை அதன்மேல் வைக்காதீர்கள். ஒரே ஓட்டத்தில் தடம் நாசமாகும். ஸ்பிரிட் போட்டுத் துடைக்காதீர்கள், அது பூச்சைக் கரைக்கும். படுக்கவைத்து அடுக்காமல், நிமிர்த்தி, வெயில் படாத, ஈரம் ஏறாத இடத்தில் வையுங்கள். லேபிளையும், தட்டின் நடுவில் கீறியிருக்கும் எண்களையும், உறையில் கையால் எழுதியதையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். யாரிடமிருந்து வந்தது என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுத் தேதி போட்டு எழுதி வையுங்கள்.

வானொலிக் கச்சேரிகளை ஸ்பூல் நாடாவில் பதிந்து வைத்த ரசிகர்களின் வீடுகள் நம் ஊரில் இன்னும் இருக்கின்றன. அந்த நாடாக்களைக் கணினியில் ஏற்றும் இளைஞர்கள் முதல் வேலையாக முனகலை நீக்கி, அறிவிப்பாளர் பேசும் இடத்தை வெட்டி, இரைச்சலைத் துடைத்துவிடுகிறார்கள். கேட்க இதமாக ஒரு படி அப்படிச் செய்துகொள்ளட்டும். அதற்கு முன்பாக, எதையும் நீக்காமல், நாடா தொடங்கும் நொடியிலிருந்து முடியும் நொடிவரை ஒரு முழுப் படியை எடுத்துத் தனியே வைத்துவிட வேண்டும். 50 ஹெர்ட்ஸ் முனகல், நேர அறிவிப்பு, கச்சேரிக்கு முன் வந்த செய்தியின் கடைசி வரி எல்லாம் அதில் அப்படியே இருக்கட்டும். நாடாச் சுருளையும், பேனாவால் எழுதிய அதன் அட்டைப் பெட்டியையும் சேர்த்தே வைத்திருங்கள்.